அமைச்சர் வாசிக்காத பத்தி

பட்ஜெட் அன்று காலை எட்டு நாற்பதுக்கு நிதியமைச்சரின் தொண்டை போனது. பத்து மணிக்கு அவர் பேரவையில் எழுந்து நின்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசிக்க வேண்டும். கிரீன்வேஸ் சாலையில் அவர் வீட்டு முன்னறையில், வாசிப்புப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். "வாங்க பாய்" என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றார். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம். என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ வேடிக்கை நடந்துவிட்டதைப் போலச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்த ஆண்டு, எந்த அமைச்சர் என்று எழுதப்போவதில்லை. கோட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு ஓய்வுக்குப் பிறகும் போகாது. நான் நிதித்துறையின் பட்ஜெட் பிரிவில் பெரும்பகுதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றவன். பிரிவில் இப்போது இருக்கும் இளைஞர்கள் போனில் கேட்டார்கள்: "சார், வாசிப்புப் பிரதின்னு ஒண்ணு இருந்துச்சாமே? அதை நீங்கதான் பண்ணுவீங்களாமே?" இப்போது அமைச்சர் திரையைப் பார்த்து வாசிக்கிறார். எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம். என் வேலை தேவையில்லாமல் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் அவர்கள் கேட்டதும் எட்டு நாற்பது ஞாபகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. என் மகள் இப்போது அடையாறில் கல்லூரிக்குப் போகிறாள். அவள் பஸ் ஏறிவிட்டதாகச் செய்தி வரும் வரை நான் வாசலில்தான் நிற்கிறேன். இந்தப் படபடப்பு அந்த வருடம் வந்தது, பிறகு போகவே இல்லை. எழுதினாலாவது குறைகிறதா பார்க்கலாம்.

வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு வகுப்பு எடுத்த அதிகாரி, நிதியமைச்சர் என்ற பதவியின் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். வெள்ளைக்காரர் காலத்தில் ஓட்டு வாங்கி வந்த அமைச்சர்களிடம் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் கொடுத்தார்கள். பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது ஆளுநரின் நிர்வாக சபையில் இருந்த ஒருவர் கையில். ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்றால் அமைச்சர் அவரிடம் போய் நிற்க வேண்டும். மாகாண சுயாட்சி வந்த பிறகுதான் மக்களிடம் ஓட்டுக் கேட்ட ஒருவர் அந்தச் சாவியை முதன்முதலாகத் தொட்டார். அதனாலோ என்னவோ, அதன் பிறகு வந்த முதலமைச்சர்களில் பலர் நிதியைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். சாவியை அடுத்தவரிடம் கொடுக்க மனசு வராது என்று சொல்லிவிட்டு, அந்த அதிகாரி மேசையைத் தட்டி டீ வரவழைப்பார்.

பிறகு நான் பார்க்கப் பார்க்கவே அந்தப் பதவி மாறியது. ஒரு காலத்தில் பட்ஜெட் அன்று தி.நகர் பாத்திரக்கடைக்காரர்கூட எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, சில்வருக்கு ஏறுமா என்று நூல் விட்டுப் பார்ப்பார். விற்பனை வரியை ஏற்றுவதும் இறக்குவதும் இந்த ஒரு மனிதர் வாயில் இருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே வரி என்று வந்த பிறகு, மாநில நிதியமைச்சர் தில்லியில் மற்ற மாநிலங்களோடு உட்கார்ந்து வாதாடுகிறவர் ஆனார். இங்கே அவருக்கு மிஞ்சியது யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்லும் வேலை.

அதை இந்த அமைச்சர் செய்த விதம் தனி. பட்ஜெட்டுக்கு முந்தைய வாரங்களில் துறைச் செயலாளர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் திட்டங்களை விளக்குவார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் ஒரே கேள்விதான்: "இதுக்கு நான் இல்லைன்னு சொல்லிட்டேன்னு வைங்க. யார் வீட்டுல அழுவாங்க?" பல செயலாளர்கள் அப்போது காகிதத்தைப் புரட்டுவார்கள். புரட்டினால் அந்தத் திட்டம் அவ்வளவுதான். மதுரைப் பக்கத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர், குறுக்கு விசாரணை பழக்கம். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பும்போது மட்டும் எழுந்து கதவு வரை வந்து வழியனுப்புவார். அவர் எழுந்தாலே துறைக்காரர்களுக்கு முகம் தொங்கிவிடும்.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. சட்டப்படி பார்த்தால் பேரவை ஒப்புக்கொள்வது மானியக் கோரிக்கைகளைத்தான், உரை வெறும் உரை. ஆனால் அவர், பேரவையில் வாயால் சொன்னதுதான் வாக்கு என்பார். அச்சடித்ததை யார் வேண்டுமானாலும் மறந்துவிடலாம், காதால் கேட்டதை மறப்பது கஷ்டம் என்பார். துறைகளும் அப்படித்தான் நடந்துகொண்டன. அமைச்சர் வாசித்த அறிவிப்புக்கு முதலில் ஆணை போடுவார்கள். மற்றவை வரிசையில் நிற்கும்.

அதனால் வாசிப்புப் பிரதி முக்கியம். உறுப்பினர்கள் கைக்குப் போவது அச்சிட்ட உரை. அமைச்சர் கையில் இருப்பது நான் தயாரித்தது. பெரிய எழுத்து, தாளின் ஒரு பக்கம் மட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு பத்தி, பத்தி அடுத்த பக்கத்துக்கு ஓடக் கூடாது. தொகைகளை எண்ணில் போடாமல் எழுத்தில் போடுவேன், கோடிகளில் நாக்கு தடுக்கும் என்பதால். மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு சாய்கோடு. மேசை தட்டுவார்கள் என்று தோன்றும் இடத்தில் இரண்டு கோடு, அங்கே தண்ணீர் குடிக்கலாம். இவர் வீட்டில் நின்றுகொண்டே ஒத்திகை பார்ப்பார். எந்த வாக்கியத்தில் நான் முகம் சுளித்தேன் என்று கவனித்து, "என்ன பாய், புரியலையா? அப்ப அவைக்கும் புரியாது" என்று அதை உடைத்து எழுதச் சொல்வார். வீட்டில் உருது பேசுகிற ராயப்பேட்டைக்காரன் நான். எனக்குப் புரிந்தால் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் புரியும் என்பது அவர் கேலி.

வீட்டில் உருது பேசுகிறவன் என்று எழுதினேன். ஒரு காலத்தில் பேசினோம். என் மகள் ரேஷ்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் அரசு உதவியோடு அறுவைச் சிகிச்சை செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் வெளியே ஒன்று மாட்ட வேண்டும். நாங்கள் அதை மெஷின் என்போம். அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுத்த அம்மா, குழந்தைக்கு ஒரே மொழியில் பேசுங்கள், பள்ளிக்கூடத்து மொழியாக இருக்கட்டும் என்றார். என் மனைவி ஷமீம் ஒரே வாரத்தில் வீட்டைத் தமிழுக்கு மாற்றினாள். ரேஷ்மாவின் முதல் வார்த்தை 'பஸ்'. இரண்டாவது 'வேணாம்'. ஒன்பது வயதில் வகுப்பில் சத்தமாகப் பாடம் வாசிக்கிறவள் ஆகிவிட்டாள்.

அந்தப் பட்ஜெட்டுக்குச் சில வாரங்கள் முன்பு மெஷின் செத்துப்போனது. பழுது பார்க்க முடியாது, இந்த மாடலே இப்போது வருவதில்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். விலை எங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. சத்தம் நின்றால் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் என்று பயிற்சி அம்மா எச்சரித்தார். மங்கத் தொடங்கியதை நாங்களே கேட்டோம். 'ச' முதலில் போனது.

அதே நேரத்தில், இப்படிப்பட்ட குழந்தைகளின் மெஷின் பழுதானால் அரசே மாற்றித் தருவது என்று ஒரு கோப்பு எங்கள் பிரிவுக்கு வந்தது. நான் அனுப்பச் சொன்னதில்லை, தானாக வந்தது. அன்றே நிதிச் செயலாளரிடம் போய், இது என் வீட்டைத் தொடுகிற விஷயம், நான் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன். அந்த அம்மையார் அதிகம் பேச மாட்டார். "சரி" என்று கோப்பை வேறொருவருக்கு மாற்றினார். எத்தனை பிள்ளைகள் என்ற விவரம் முழுசாக வராததால், பட்ஜெட்டில் அதற்கு அடையாளத் தொகையாக ஆயிரம் ரூபாய் மட்டும் வைத்தார்கள். கதவைத் திறந்து வைக்க ஒரு கல் முட்டுக் கொடுப்பது போலத்தான் அது. உரையில் ஒரு பத்தி வந்தது. வாசிப்புப் பிரதிக்காக அந்தப் பத்தியைப் பெரிய எழுத்தில் அடித்தபோது, சாய்கோடு எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

எட்டு நாற்பதுக்குத் திரும்புகிறேன். டாக்டர் வந்து தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பேசவே கூடாது, பேசியே ஆக வேண்டுமென்றால் அரை மணி நேரம் தாங்கலாம், அதுவும் உறுதியில்லை என்றார். செயலாளர் அம்மையாரும் வந்து சேர்ந்தார். வேறு அமைச்சரை வாசிக்க வைக்கலாமா என்ற பேச்சுக்கு இவர் தலையை ஆட்டிவிட்டார். அச்சிட்ட உரை பேரவைக்குப் போய்விட்டது, அதில் எதுவும் மாறாது. வாசிக்கிற பக்கங்களை மட்டும் குறைத்து, மீதியைப் பேரவைத் தலைவரின் அனுமதியோடு வாசித்ததாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். எதைக் குறைப்பது? அமைச்சர் விரலை நீட்டி என்னைக் காட்டினார். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்தவன் நான்தான்.

கார் கிளம்பிவிட்டது. முன் இருக்கையில் நான், மடியில் வாசிப்புப் பிரதி. பின்னால் அமைச்சரும் செயலாளரும். நான் ஒவ்வொரு பக்கமாகத் தலைப்பைச் சொல்வேன், இருக்கட்டுமா போகட்டுமா என்று அவர் கையால் காட்டுவார். சாந்தோம் தாண்டுவதற்குள் சாலைகள், பாலங்கள், குடிநீர் முடிந்தது. கைத்தறி போனது. அணைப் பராமரிப்பு தங்கியது. கடற்கரைச் சாலையில் ஜன்னல் காற்றுக்குத் தாள்கள் படபடத்தன. எடுத்த பக்கங்களை என் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்தப் பக்கம் வந்தது.

தலைப்பைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், சொல்லும் விதத்தைப் பார்த்தே அவர் 'இருக்கட்டும்' என்று காட்டிவிடுவார். சொல்லாமல் எடுத்துவிட்டால், என்னை மாதிரி எத்தனையோ தகப்பன்களின் பிள்ளைகளுக்கு நானே வழியை அடைத்தவன் ஆவேன். பக்கத்தை உருவி அப்படியே பின்னால் நீட்டினேன்.

"ஐயா, இது ஒண்ணு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

அவர் புருவத்தைத் தூக்கினார். செயலாளர் தாழ்ந்த குரலில் காரணத்தைச் சொன்னார். அமைச்சர் பக்கத்தை வாங்கிக்கொண்டார். என்னிடம் திருப்பித் தரவில்லை. பேரவை வாசலில் இறங்கும்போது மீதிக் கட்டை அவர் கையில் கொடுத்தேன். அந்தப் பக்கம் எங்கே போனது என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்தேன். அமைச்சர் எழுந்து முதல் வரியை வாசித்ததும் அவையில் சலசலப்பு. ஒலிபெருக்கியில் மணலைச் சலிக்கிற மாதிரி வந்தது குரல். எதிர்க்கட்சி வரிசையில், கடலோரத் தொகுதி ஒன்றின் உறுப்பினர் எழுந்துவிட்டார். வாய்க்குப் பேர் போனவர்.

"கஜானா காலின்னு தெரியும். தொண்டையுமா நைனா காலி?"

அவை முழுக்கச் சிரிப்பு. நைனா என்ற சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்றார் பேரவைத் தலைவர். அமைச்சரும் சிரித்தார். அதன் பிறகு நடந்ததை நான் வேறு எந்த ஆண்டும் பார்த்ததில்லை. குரல் கேட்க வேண்டுமே என்று இரண்டு பக்கமும் அடங்கிவிட்டார்கள். மேசை தட்ட வேண்டிய இடத்தில்கூட யாரும் தட்டவில்லை. நான் போட்ட இரட்டைக் கோடுகள் எல்லாம் வீண். தண்ணீர் குடிக்கவே அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

பாதிகூட வரவில்லை. அணைப் பராமரிப்பு நடுவில் குரல் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. பேரவைத் தலைவரைப் பார்த்துக் கைகூப்பினார். எஞ்சிய பகுதி வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று தலைவர் அறிவித்தார். அமைச்சர் உட்கார்ந்தார். அந்தப் பத்தி வாசிக்கப்படவில்லை.

மதியம் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் மேசை மேல் இருந்தது. அவர் கிசுகிசுத்ததைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"வாசிக்கணும்னுதான் பாய் தனியா வச்சிருந்தேன். தொண்டை நின்னதும் இதை மட்டுமாவது ரெண்டு வரி சொல்லலாம்னு பாத்தேன். ஆனா மத்ததெல்லாம் விட்டுட்டு இதை மட்டும் வாசிச்சா, ஏன் இதுன்னு தோண்டுவாங்க. தோண்டினா உங்க பொண்ணு பேரு வரும். அப்புறம் அது எல்லாப் பிள்ளைங்களுக்குமான திட்டமா இருக்காது. பாய் வீட்டுத் திட்டம் ஆயிடும். அதோட செத்துடும்."

தலையாட்டினேன். அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தது. நான் விடைபெற்றபோது அவர் எழுந்து கதவு வரை வந்தார். அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

வீட்டில் ஷமீமிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் மட்டும் உருதில்தான் வரும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தைக் கட்டோடு வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டாள். ரேஷ்மா எதிரில் உட்கார்ந்து எங்கள் உதடுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் உருது பேசக் கூடாது என்ற விதியை மீறிவிட்டோமே என்று எனக்கு ஒரு கணம் உறைத்தது. பிறகுதான் நினைவு வந்தது, எந்த மொழியில் பேசினாலும் இப்போது ஒன்றுதான்.

சம்பந்தப்பட்ட துறையில் பேச்சு எப்படி என்று நண்பர் ஒருவர் மூலம் தெரிந்தது. அமைச்சர் வாசிக்கவில்லை, தொகையும் அடையாளத்துக்குத்தான், அவசரமில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார்களாம். எனக்கு அடுத்த ஆண்டு என்பது ரேஷ்மாவுக்கு இன்னும் எத்தனை எழுத்துகள் போகும் என்பதாகத்தான் கேட்டது.

அதன் பின் பட்ஜெட் மீதான விவாதம். உறுப்பினர்கள் பேசுவதைக் குறித்து அமைச்சருக்குப் பதில் குறிப்பு அனுப்ப நான் மாடத்தில் இருந்தேன். அந்தக் கடலோரத் தொகுதிக்காரர் முறை வந்தது. அரசை வாங்கு வாங்கென்று வாங்கினார். முடிக்கப்போகிறார் என்று பேனாவை மூடினேன்.

"தலைவர் அவர்களே, கடைசியா ஒண்ணு. அமைச்சரோட தொண்டை முழுங்கின பத்தி எல்லாத்தையும் நான் வீட்ல ஒக்காந்து படிச்சேன். காது கேக்காத பசங்களுக்கு மெஷின் மாத்தித் தர்றதா ஒண்ணு கீது. எங்க குப்பத்துல செத்துப்போன மெஷினை சும்மாக்காட்டியும் மாட்டிக்கினு ஸ்கூலுக்குப் போற பசங்க கீது. மாட்டலைன்னா மத்த பசங்க கிண்டல் பண்ணுதாம். நான் கேக்கறது இன்னான்னா, அது உண்டா? இல்ல தொண்டையோட அதுவும் போச்சா?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அமைச்சர் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் பதிலுரையில் சேர்த்துச் சொன்னால் போதும். நான் குறிப்பு எழுதவில்லை, எழுதக் கூடாது. பக்கத்தில் இருந்தவரிடம் தாளைத் தள்ளினேன். அவர் எழுதத் தொடங்குவதற்குள் அமைச்சர் எழுந்துவிட்டார். குரல் பாதிதான் திரும்பியிருந்தது.

"உண்டு. இந்த ஆண்டே உண்டு."

"இதுக்கு மட்டும் குரல் வருது பார்றா" என்றார் அந்த உறுப்பினர். அதுவும் நீக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இருவரும் லாபியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்ததைப் பார்த்ததாகப் பிறகு சிலர் சொன்னார்கள். அது இந்தக் கேள்விக்கு முன்பா பின்பா என்று யாருக்கும் நிச்சயமில்லை. நானும் விசாரிக்கவில்லை. என் மேலதிகாரிகளில் எத்தனையோ பேர் மேடையில் நன்றாகப் பேசிப் பார்த்திருக்கிறேன். நிதியமைச்சர் வேலை என்றால் என்ன என்று இளைஞர்கள் என்னைக் கேட்டால், அந்த 'உண்டு' என்ற சொல்லைத்தான் சொல்வேன். ஆண்டு முழுவதும் இல்லை இல்லை என்று சொல்லிச் சேர்த்து வைப்பதே, ஒரு நாள் எழுந்து நின்று அதைச் சொல்வதற்காகத்தான். அதையும் எதிரில் இருப்பவர் கேட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னால் யாராலும் திருப்பிப் பிடுங்க முடியாது.

ஆணை வந்தது. விண்ணப்பித்தவர்கள் வரிசையில் நாங்களும் நின்றோம். சாந்தோம் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் இருந்தார்கள். ஷமீம் முணுமுணுத்தாள், அமைச்சருக்கு வேண்டியவர் என்று பேர்தான், வரிசையில் பின்னால்தான் நிற்கிறோம் என்று. அந்த முணுமுணுப்பு எனக்கு நிம்மதியாக இருந்தது. மழைக்காலம் தொடங்கும்போது எங்கள் முறை வந்தது.

மெஷினை மாட்டி ஒலியைச் சரிசெய்யும் நாளில் ஆஸ்பத்திரிக்கு நான் வர வேண்டாம் என்று ஷமீம் சொல்லிவிட்டாள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே குழந்தை பயந்துவிடும் என்றாள். விடுப்பு எடுத்துக்கொண்டு ராயப்பேட்டை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். டி.வி.யைப் போட்டேன், நிறுத்தினேன். நான்கு முறை போன் செய்தேன், ஷமீம் எடுக்கவில்லை. மெஷின் சேரவில்லை போல, உள்ளே இருக்கிற கருவியும் பழுதாகியிருக்கும் போல என்று என்னென்னவோ ஓடியது. மதியம் தாண்டி, தெருவில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாடிப்படியில் காலடிகள்.

கதவு திறந்தது. ரேஷ்மாதான் முதலில் உள்ளே வந்தாள், நனைந்த செருப்போடு. அந்த மாதங்களில் வீட்டில் எல்லோருமே அவளிடம் தொண்டை கிழியப் பேசிப் பழகியிருந்தோம், பயனில்லை என்று தெரிந்தும். நானும் அதே வேகத்தில் "ரேஷ்மா, சாப்டியாம்மா?" என்றேன்.

அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்ப்பா கத்துறீங்க?" என்றாள். "மெதுவா கேளுங்க."